விநாடிக்கு 100 முறை நடுங்கும் கிதார்!

மேசை மேல் மின்சார விசிறி சுழல்கிறது.

சிறுவன் ஒருவன் அதன் முன்னால் போய் நிற்கிறான். "ஆ...." என்று நீளமாகக் கத்துகிறான். அவனுடைய குரல் யந்திரம் பேசுவதுபோல் கரகரவென்று கேட்கிறது. விசிறியை நிறுத்துகிறான். இறக்கைகள் மெல்ல மெல்ல வேகம் குறைகின்றன. இப்போது அதே குரல் "ஆ-ஆ-ஆ-ஆ" என்று துண்டு துண்டாக வருகிறது.

சிறுவனுக்கு ஒரே குஷி! அம்மா வந்து முதுகில் ஒன்று வைக்கும் வரை இந்த விளையாட்டு ஓயாது.

இதே விளையாட்டைத்தான் கிதார் வாசிப்பவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அதற்குப் பெயர் "டிரெமலோ".

டிரெமலோ என்றால் நடுக்கம். வாசிக்கும் சுரம் மாறாது. சத்தம் மட்டும் கூடும், குறையும். மறுபடியும் கூடும், குறையும். விநாடிக்கு 5 அல்லது 6 முறை இப்படி நடந்தால் காதுக்கு இனிமையாக இருக்கும். மேல்நாட்டுப் பாடகர்கள் குரலை அசைத்துப் பாடுவதும் ஏறக்குறைய இந்த வேகத்தில்தான். ஆகவே டிரெமலோ பெட்டிகளைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் விநாடிக்கு 10 அல்லது 12 முறையோடு நிறுத்திக் கொள்கிறார்கள்.

சிலருக்கு அது போதவில்லை. 20 வேண்டும், 50 வேண்டும், 100 வேண்டும் என்கிறார்கள்! பெட்டியைத் திறந்து உள்ளே கை வைக்கிறார்கள்.

அப்படிக் கை வைத்தால் என்ன நடக்கும்? சிலருக்குப் புதிய சங்கீதம் கிடைக்கிறது. சிலருக்கு வெறும் இரைச்சல்தான் மிச்சம். கவனம் தவறினால் உயிருக்கே ஆபத்து!

தண்ணீர்க் குப்பி

கிதாருக்கென்று தனியாக விற்பனைக்கு வந்த முதல் நடுக்கப் பெட்டி, அமெரிக்காவில் டொலீடோ என்ற ஊரில் பிறந்தது. 1940-களின் பிற்பாதி அது. பெட்டியின் பெயர், டிஆர்மண்ட்.

இந்தப் பெட்டிக்குள் இருந்த வித்தையைக் கேட்டால் சிரிப்பு வரும். உள்ளே ஒரு சின்ன மோட்டார். மோட்டாரோடு சேர்ந்து ஆடும் ஒரு குப்பி. குப்பிக்குள் மின்சாரம் பாயக் கூடிய திரவம்.

குப்பி ஆடும்போது திரவம் தளும்பும். தளும்பும் திரவம் உள்ளே இருக்கும் ஊசியைத் தொடும். தொட்டவுடன் கிதாரின் மின் ஒலியில் ஒரு பகுதி தரைக்கு ஓடிவிடும், சத்தம் குறையும். திரவம் விலகினால் சத்தம் பழையபடி எழும்பும். அவ்வளவுதான்!

காலம் போகப் போகத் திரவம் வற்றிவிடும். பழைய பெட்டிகளை வைத்திருப்பவர்கள், கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தை ஊற்றி ஓட்டுவதும் உண்டு.

வாத்தியக்காரர் போ டிட்லி

இந்த நடுக்கத்தை உலகம் அறியச் செய்தவர்களில் முக்கியமானவர் போ டிட்லி. 1928-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த கறுப்பர் இன இசைஞர். சிறு வயதிலேயே சிகாகோ நகருக்குக் குடிவந்தவர். முதலில் கற்றது பிடில்! தச்சு வேலை பார்த்தார். மெக்கானிக் வேலையும் பார்த்தார். தெரு ஓரத்தில் வாசித்துப் பாடினார்.

1955-ல் அவர் பாடிய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. பாட்டின் பெயரும் "போ டிட்லி"தான்! அதில் கிதார் நடுங்கிக் கொண்டே இருக்கும். தாளத்தைத் தூக்கிச் சுமப்பது அந்த நடுக்கம்தான். அதை எடுத்துவிட்டால் பாட்டில் பாதி போய்விடும்.

1968-ல் டாமி ஜேம்ஸ் என்ற பாடகர் இன்னும் ஒரு படி மேலே போனார். "கிரிம்சன் அண்ட் குளோவர்" என்ற பாட்டின் கடைசியில், கிதாருக்குப் பதிலாகத் தமது குரலையே நடுக்கப் பெட்டிக்குள் செலுத்தினார். விசிறி முன் நின்ற சிறுவன் செய்தது இதைத்தானே!

விளக்கும் கண்ணும்

தண்ணீர்க் குப்பிக்கு மாற்றுக் கண்டவர்களில் ஒருவர், கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ பெண்டர். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். உலகப் புகழ் பெற்ற கிதார்களைச் செய்தவர். ஆனால் அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது!

1955-ல் பெண்டர் கம்பெனி "டிரெமலக்ஸ்" என்ற ஒலிபெருக்கியைக் கொண்டு வந்தது. நடுக்கம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. 1960-களில் இன்னொரு முறையும் வந்தது. ஒரு சின்ன நியான் விளக்கு. அதன் எதிரே வெளிச்சத்தை அறியும் ஒரு சில்லு. இரண்டையும் சேர்த்து ஒரு கறுப்புக் குழாய்க்குள் மூடி வைத்தார்கள்.

விளக்கு எரிந்தால், எதிரே உள்ள சில்லின் வழியே மின் ஒலி தரைக்கு ஓடும், சத்தம் குறையும். விளக்கு அணைந்தால் சில்லு வழியை அடைத்துக் கொள்ளும். சத்தம் முழுமையாகக் கேட்கும். விளக்கு மினுக்குகிற வேகம்தான் நடுக்கத்தின் வேகம்.

இதில் ஒரு வேடிக்கை. சத்தம் கூடிக் குறைந்தால் "டிரெமலோ". சுரமே ஏறி இறங்கினால் "வைப்ரட்டோ". இதுதான் சங்கீதக்காரர்களின் வழக்கு. பெண்டர் கம்பெனியோ பல ஒலிபெருக்கிகளில் டிரெமலோவுக்கு "வைப்ரட்டோ" என்று எழுதி வைத்தது. 1954-ல் வந்த தன் கிதாரில், சுரத்தை அசைக்கும் கம்பிக்கு "டிரெமலோ" என்று பெயரிட்டது. இரண்டு பிள்ளைகளுக்கும் பெயரை மாற்றி வைத்த கதை! அந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை.

குடமும் குழாயும்

விளக்கை மினுக்க வைப்பது யார்? ஒரு வால்வும், மூன்று கண்டென்சர்களும்.

கண்டென்சரை ஒரு குடம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் மின்சாரம் நிரம்பும், வடியும். கண்டென்சரோடு ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அது மின்சாரம் சொட்டும் குழாய். குழாய் சிறுத்தால் குடம் நிரம்ப நேரம் ஆகும். குடம் சிறுத்தால் சீக்கிரம் நிரம்பிவிடும். தெருக் குழாயில் காத்திருப்பவர்களுக்கு இது தெரியாததல்ல!

வால்வுக்கு ஒரு குணம் உண்டு. "ஏறு" என்று சொன்னால் இறங்கும். "இறங்கு" என்று சொன்னால் ஏறும். வால்வில் இருந்து வெளிவரும் மின்சாரத்தை, மூன்று குடங்கள் வழியாகச் சுற்ற விட்டு, அதே வால்வின் வாசலுக்குக் கொண்டு வருகிறார்கள். ஒவ்வொரு குடமும் சேதியைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். மூன்றும் சேர்ந்து தாமதப்படுத்துவதால், வால்வு ஏறியபின் "இறங்கு" என்று சேதி வருகிறது. இறங்கியபின் "ஏறு" என்று வருகிறது. வால்வு ஊஞ்சல்போல் ஆடிக் கொண்டே இருக்கிறது.

வேகத்தைக் கூட்ட வேண்டுமா? குடத்தைச் சிறிதாக்கினால் போதும்.

1960-களின் பெண்டர் பெட்டிகளில் அந்த மூன்று கண்டென்சர்களும் 0.02, 0.01, 0.01 மைக்ரோபாரட் அளவில் இருந்தன. மூன்றையும் பாதியாக்கினால் வேகம் இரண்டு மடங்கு. பத்தில் ஒரு பங்காக்கினால், அதாவது 0.002, 0.001, 0.001 என்று போட்டால், வேகம் பத்து மடங்கு! விநாடிக்கு 10 தடவை ஆடியது 100 தடவை ஆடும்.

கணக்கு சுலபம். ஆனால் கண்டென்சரை மாற்றி, ஈயம் வைத்து ஒட்டி, ஆசையோடு கிதாரை மீட்டிப் பார்த்தவர்கள் ஏமாந்து போகிறார்கள். நடுக்கத்தையே காணோம்!

இருட்டுக் கொட்டகை

காரணம், அந்தச் சில்லு.

பகல் காட்சிக்குத் தாமதமாகப் போயிருக்கிறீர்களா? வெளியே வெயில். உள்ளே இருட்டு. கொட்டகைக்குள் நுழைந்தவுடன் எதுவும் தெரியாது. நாற்காலியைத் தடவித் தடவித்தான் போக வேண்டும். கண் பழகச் சிறிது நேரம் ஆகும்.

வெளிச்சத்தை அறியும் சில்லும் அப்படித்தான். விளக்கு எரிந்தவுடன் விழித்துக் கொள்ளும். விளக்கு அணைந்தபின், இருட்டுக்குப் பழக நேரம் எடுத்துக் கொள்ளும். அந்த நேரம் ஒரு விநாடியில் மிகச் சிறிய பங்குதான். விநாடிக்கு 5 தடவை மினுக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. 100 தடவை மினுக்கினால்? ஒரு மினுக்கலுக்குக் கிடைப்பதே விநாடியில் நூறில் ஒரு பங்கு! சில்லு இருட்டுக்குப் பழகுவதற்குள் விளக்கு மறுபடியும் எரிந்துவிடுகிறது. சில்லு அரை வெளிச்சத்திலேயே நின்றுவிடுகிறது. சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெறுமனே மங்கிக் கேட்கிறது.

ஆகவே, வேகம் வேண்டுபவர்கள் சில்லைக் கைவிட வேண்டும். அதன் இடத்தில் எப்.இ.டி. என்னும் ஒருவகை டிரான்சிஸ்டரை வைக்கிறார்கள். அதற்குக் கண் இல்லை, வெளிச்சமும் வேண்டாம். மின் அழுத்தத்தைக் கொடுத்தால் அந்தக் கணமே வழியைத் திறக்கும், மூடும். விநாடிக்கு 100 என்ன, ஆயிரம் தடவையும் அதற்கு ஒரு பொருட்டல்ல.

சைக்கிள் அட்டை

சரி, 100 தடவை நடுங்கும் கிதார் எப்படி இருக்கும்?

சைக்கிள் சக்கரத்தில் அட்டையைச் செருகி ஓட்டாத பையன்கள் உண்டா? மெதுவாக ஓட்டினால் "டக்.... டக்.... டக்" என்று எண்ணிவிடலாம். வேகமாக மிதித்தால் "டர்ர்ர்" என்று ஒரே சத்தமாகிவிடும். இன்னும் வேகம் கூடினால் அந்த "டர்ர்ர்" மேலே ஏறும். தனித்தனி அடிகள் மறைந்து, அங்கே ஒரு சுரம் பிறக்கிறது!

இந்த மாற்றம் நடக்கும் இடம் விநாடிக்கு 20 தடவை அளவில். அதற்குக் கீழே நம் காது எண்ணுகிறது. அதற்கு மேலே எண்ணுவதை விட்டுவிடுகிறது. 30 தடவைக்குப் பக்கத்தில் ஒலி மிகவும் கரகரப்பாகக் கேட்கும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1863-ல் வெளியிட்ட ஒலி பற்றிய புத்தகத்தில் இந்தக் கரகரப்பை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கிதாருக்கு மின்சாரம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே!

விசிறியை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். மூன்று இறக்கை விசிறி நிமிடத்துக்கு 1,200 முறை சுற்றுவதாக வைத்துக் கொள்வோம். விநாடிக்கு 20 சுற்று. மூன்று இறக்கை என்பதால் குரலை 60 தடவை வெட்டுகிறது. அதனால்தான் சிறுவனுடைய குரல் யந்திரக் குரலானது.

பிறக்கும் புது சுரங்கள்

வேகம் கூடிய பிறகு நடப்பது இன்னும் விசித்திரம். வாசித்த சுரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு புதிய சுரங்கள் முளைக்கின்றன!

கிதாரின் ஐந்தாவது கம்பியைச் சும்மா மீட்டினால், அது விநாடிக்கு 110 தடவை அதிரும். நடுக்கத்தின் வேகம் 30 என்றால், 110-ல் 30-ஐக் கூட்டி 140, கழித்து 80. ஆக 80, 110, 140 என்று மூன்று ஒலிகள் கேட்கும். (கம்பியின் கிளை ஒலிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.) மூன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உடைந்த மணி அடித்தாற்போல் இருக்கும்.

அதே கம்பியை நடுவில் அழுத்தி மேல் ஸ்தாயியில், 220-ல் வாசியுங்கள். நடுக்கத்தை 110-ல் வையுங்கள். இப்போது 110, 220, 330. நம் சங்கீதக் கணக்கில் சட்ஜம், மேல் சட்ஜம், அதற்கு மேல் பஞ்சமம்! ஒருவர் வாசிக்க, மூன்று பேர் சேர்ந்து வாசிப்பதுபோல் கேட்கும்.

ஆனால் அடுத்த சுரத்துக்கு விரலை நகர்த்தினால் போயிற்று. 247-க்குப் போனால் பக்கத்தில் 137-ம் 357-ம் வந்து நிற்கும். இனிமை கலைந்துவிடும். ஆகவே அதிவேக நடுக்கத்தைக் கொண்டு ஒரு முழுப் பாட்டையும் வாசிப்பது கடினம். ஓரிடத்தில் மின்னல்போல் காட்டிவிட்டு எடுத்துவிட வேண்டும்.

வாசித்த சுரத்தையே மறைத்துவிட்டு, இரண்டு பக்கச் சுரங்களை மட்டும் தரும் கருவியும் உண்டு. நான்கு டயோடுகளை வட்டமாகக் கோத்துச் செய்வது. "ரிங் மாடுலேட்டர்" என்று பெயர். ஒரே கம்பியில் பல தொலைபேசிப் பேச்சுகளை அனுப்புவதற்காக வந்த வித்தை, பின்னால் சங்கீதத்துக்குள் புகுந்தது. ஜெர்மன் இசை மேதை ஸ்டாக்ஹவுசன் 1970-ல் "மந்த்ரா" என்ற படைப்பில் இரண்டு பியானோக்களை இதன் வழியே ஒலிக்கச் செய்தார். ஆம், நம் "மந்திரம்"தான்!

குழந்தைகளை மிரட்டிய குரல்

இந்தக் கருவியின் புகழ் பெற்ற குரல் ஒன்று லண்டனில் பிறந்தது. 1963-ல் பி.பி.சி. டெலிவிஷனில் "டாக்டர் ஹூ" என்ற தொடர் நாடகம் ஆரம்பமானது. அதில் டாலெக் என்ற இரும்பு அரக்கர்கள் வருவார்கள். அவர்களுக்குக் குரல் வேண்டும். மனிதன் பேசியதுபோலும் இருக்க வேண்டும். மனிதன் அல்ல என்றும் தெரிய வேண்டும்.

நடிகர்கள் வார்த்தைகளை வெட்டி வெட்டிப் பேசினார்கள். பி.பி.சி. ஒலிக் கூடத்தைச் சேர்ந்த பிரயன் ஹாட்ஜ்சன் அந்தக் குரலை ரிங் மாடுலேட்டர் வழியே செலுத்தினார். அதன் வேகம் விநாடிக்கு 30! காது எண்ணுவதை விட்டுவிட்டுக் கரகரப்பை உணரும் அதே இடம். பிரிட்டிஷ் பிள்ளைகள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து கொண்டு அந்த நாடகத்தைப் பார்த்தார்கள் என்பது, அங்கே இன்றும் சொல்லப்படும் கதை.

ரகசியம் வெளியே கேட்கும்

எல்லா ஒலிபெருக்கியிலும் விளக்கும் சில்லும் இல்லை. சிலவற்றில் கடைசி வால்வையே நேராக ஆட்டி நடுக்கத்தை உண்டாக்குவார்கள். அங்கே சில்லின் தொல்லை கிடையாது. கண்டென்சரை மாற்றினால் வேகம் கூடிவிடும்.

ஆனால் அங்கே வேறொரு தொல்லை காத்திருக்கிறது. ஆட்டுகிற மின்சாரம் கொஞ்சம் கசிந்து ஸ்பீக்கருக்குப் போகும். வேகம் 5 ஆக இருந்தவரை அந்தக் கசிவு நமக்குக் கேட்காது. காதுக்கு எட்டாத ஆழம் அது. வேகம் 100 ஆனால், கசிவும் ஒரு சுரம் ஆகிவிடுகிறது! கிதாரைத் தொடாமலே "ம்ம்ம்" என்று உறுமல் கேட்கும். திரைக்குப் பின்னால் நின்று பொம்மையை ஆட்டுகிறவன், தானே பாட ஆரம்பித்ததுபோல.

இரண்டு கடைசி வால்வுகளும் ஒன்றுபோல் இருந்தால், ஒன்றின் கசிவை மற்றது அழிக்கும். அப்போது உறுமல் குறையும். அதற்காகவே ஒத்த ஜோடியாக வால்வுகளைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

400 வோல்ட்!

இந்த ஆசையில் பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு.

வால்வு ஒலிபெருக்கிக்குள் ஓடுவது 400 வோல்ட்டுக்கும் மேல். நம் வீட்டுச் சுவரில் வருவதே 230 வோல்ட்தான். அதைவிட மோசம் என்னவென்றால், பிளக்கைப் பிடுங்கி எறிந்த பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்கள் அந்த மின்சாரத்தைப் பிடித்து வைத்துக் கொண்டிருக்கும். "கரண்ட் இல்லையே" என்று கை வைத்தால் ஆளையே தூக்கி எறியும்.

தேர்ந்த மெக்கானிக்குகள் முதலில் அந்தக் கண்டென்சர்களை வடியவிடுவார்கள். மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். அதன் பிறகும் ஒரு கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக் கொண்டு, மறு கையால் மட்டும் வேலை செய்கிறவர்கள் உண்டு. ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும் மின்சாரம், நெஞ்சு வழியாகத்தான் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சோதித்துப் பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 9 வோல்ட் பாட்டரியில் ஓடும் சின்ன நடுக்கப் பெட்டிகள். "எலக்ட்ரானிக்ஸ் ஆஸ்திரேலியா" என்ற பத்திரிகை முன்பு வெளியிட்ட ஒரு படத்தைப் பார்த்து, உலகம் முழுதும் பலர் வீட்டிலேயே செய்து கொள்கிறார்கள். குடமும் குழாயும் அங்கேயும் அதேதான். தப்பாக ஒட்டினால் ஒரு டிரான்சிஸ்டர் போகும், உயிர் போகாது.

உறைக்குள் மூன்று கண்டென்சர்

வேகத்தைப் பத்து மடங்காக்கினால், மெதுவான நடுக்கம் கைவிட்டுப் போய்விடும். 3-ல் இருந்து 10 வரை திருகிய குமிழ், இனி 30-ல் இருந்து 100 வரைதான் போகும். போ டிட்லி வாசித்த மாதிரி வாசிக்க முடியாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஒரு சுவிட்சையும் சேர்த்து வைக்கிறார்கள். ஒரு பக்கம் தட்டினால் பெரிய குடம். மறு பக்கம் தட்டினால் சின்னக் குடம்.

1960-களின் ஒலிபெருக்கிகள் இன்று பழம்பொருளாகிவிட்டன. வாங்க வருகிறவர்கள் பின் பலகையைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். ஈயம் பழசா, புதுசா என்று தேடுகிறார்கள். கண்டென்சர் மாறியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள்.

அதனால் சிலர் கழற்றிய மூன்று கண்டென்சர்களையும் தூக்கி எறிவதில்லை. ஒரு காகித உறையில் போட்டு, மேலே தேதியை எழுதி, அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வைத்துவிடுகிறார்கள்.